கோடிய கோடுகள்

தமிழில் 'கோடு' என்னும் சொல் பெயராகவும் நிற்கும், வினையாகவும் நிற்கும். பெயராய் நிற்கும்போது வரைந்த எல்லையைக் குறிக்கும். வினையாய் நிற்கும்போது வளைதல், நடுவுநிலை பிறழ்தல் என்னும் பொருள்களைத் தரும். நீதி வழுவாத மன்னனைக் கோல் கோடாதவன் என்று நம் முன்னோர் போற்றினர். நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், சான்றோர் நெஞ்சுக்குத் துலாக்கோலை உவமை காட்டினார்.

முடியாட்சியில் கோல் ஒன்றே. அது மன்னன் கையில் இருந்தது. மக்களாட்சியில் அக்கோல் வாக்குச்சீட்டாகி மக்கள் கைக்கு வந்துவிட்டது என்று நாம் மகிழ்கிறோம். ஆயின் அச்சீட்டு எவருடைய சீட்டுகளோடு சேர்த்து எண்ணப்பட வேண்டும் என்பதைத் தேர்தலுக்கு முன்பே முடிவு செய்யும் இன்னொரு கோலும் இருக்கிறது. தொகுதிகளின் எல்லையை வரையும் எழுதுகோலே அது. செங்கோல் கோடினால் குடிகள் அழுதனர், அழுகுரல் கேட்டது. இவ்வெழுதுகோல் கோடினால் யாருக்கும் எளிதில் தெரிவதில்லை. தோற்றவர் தம் தோல்விக்குத் தம்மையே நொந்துகொண்டு வீடு திரும்புவர்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் இவ்வெழுதுகோல் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கோடிய வரலாற்றையும், அதனை நிமிர்த்தக் குடிமக்கள் எடுத்த முயற்சிகளையும், அம்முயற்சிகளுக்கு அண்மையில் நேர்ந்த சோதனையையும் சுருங்கக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வரலாறு ஒரு புதுச் சொல்லின் பிறப்பில் தொடங்குகிறது. ஆதலின் சொல்லை ஆள்வோர் கூடி வெளியிடும் இம்மலரில் அதற்கோர் இடம் உண்டு என்று கருதுகிறேன்.

சொல் பிறந்த கதை

எல்பிரிட்ஜ் கெரி என்பார் அமெரிக்க விடுதலை வரலாற்றில் மதிக்கத்தக்க பெயர்களுள் ஒருவர். 1776ஆம் ஆண்டின் விடுதலைப் பறைசாற்றத்தில் கையொப்பமிட்டவர். 1787இல் அரசியலமைப்பை உருவாக்கிய மாநாட்டில் இறுதிவரை அமர்ந்திருந்தும், குடிமக்களின் உரிமைகளுக்கு அதில் போதிய காப்பு இல்லை என்பது முதலான காரணங்களால் கையொப்பமிட மறுத்த மூவருள் ஒருவர். 1810இல் அவர் மாசாசூசெட்ஸ் மாநிலத்தின் ஆளுநரானார்.

அக்காலத்தில் அம்மாநில அரசியலில் இரு கட்சிகள் மோதின. ஒன்று கூட்டாட்சிக் கட்சி. மற்றொன்று கெரி சார்ந்திருந்த சனநாயகக் குடியரசுக் கட்சி. சட்டமன்றத்தில் பெரும்பான்மை பெற்றிருந்த கெரியின் கட்சியினர், மாநில மேலவைக்கான தொகுதிகளைத் தமக்கு நலம் தரும் வகையில் புதிதாக வகுத்தனர். 1812 பிப்ரவரியில் ஆளுநர் அச்சட்டத்தில் கையொப்பமிட்டார். அவருக்கு அதில் மனமில்லை என்று பின்னர் அவர் குடும்பத்தாரால் கூறப்பட்டது. மனமில்லாமல் இட்டதாயினும் கையொப்பம் கையொப்பமே.

புதிய தொகுதிகளுள் எசெக்ஸ் மாவட்டத்தில் வகுக்கப்பட்ட ஒன்று, நீண்டு வளைந்து மாவட்டத்தின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு கிடந்தது. 1812 மார்ச் 26ஆம் நாள் 'பாஸ்டன் கெசட்' இதழ் அத்தொகுதியின் படத்தை வெளியிட்டது. ஓவியர் அவ்வடிவத்துக்குத் தலையும் சிறகும் கூரிய நகங்களும் சேர்த்து அதைக் கொடிய விலங்காக்கியிருந்தார். சாலமாண்டர் என்பது பல்லியைப் போன்ற உருவமுடைய ஓர் உயிர். நீரிலும் நிலத்திலும் வாழ்வது. நெருப்பிலும் அது வாழும் என்று மேனாட்டார் பழங்கதை சொல்வர். அப்பெயரின் முன்பாதியை நீக்கி, ஆளுநரின் பெயரை அங்கே ஒட்டி, 'கெரிமாண்டர்' என்று படத்துக்குப் பெயரிட்டனர். அச்சொல்லை முதலில் சொன்னவர் யார் என்பதற்குப் பல கதைகள் வழங்குகின்றன. படத்தை வரைந்தவர் எல்கானா டிஸ்டேல் என்பார் என்பது இன்று பெரிதும் ஏற்கப்படும் கருத்து.

மொழியில் ஈடுபாடுடையோர்க்கு ஒரு செய்தி. ஆளுநரின் பெயர் ககர ஒலியில் தொடங்குவது. ஆனால் அவர் பெயரால் பிறந்த சொல்லை இன்று பெரும்பாலோர் 'ஜெரிமாண்டர்' என்றே ஒலிக்கின்றனர். மனிதரின் பெயர் தேய்ந்து, பழிச்சொல் மட்டும் தனி வாழ்வு பெற்றுவிட்டது.

1812 தேர்தலின் முடிவு கருதத்தக்கது. மாநில மேலவைத் தேர்தலில் கூட்டாட்சிக் கட்சி பெற்ற வாக்குகள் 51,766. கெரியின் கட்சி பெற்றவை 50,164. ஆயினும் மொத்தமிருந்த 40 இடங்களுள் கூட்டாட்சிக் கட்சிக்குக் கிடைத்தவை 11 மட்டுமே. மற்ற 29 இடங்களும் குறைந்த வாக்குப் பெற்றவர்க்குச் சென்றன. மாநிலம் முழுவதையும் ஒரே தொகுதியாகக் கொண்டு நடந்த ஆளுநர் தேர்தலில் கெரி தோற்றார். அங்கே வளைப்பதற்குக் கோடு இல்லை. மறு ஆண்டு அவர் நாட்டின் துணைத் தலைவராகி, 1814இல் அப்பதவியிலேயே காலமானார்.

கணக்கின் கள்ளம்

மேற்கூறிய தேர்தலில் ஒரு வாக்கும் திருடப்படவில்லை. ஒரு பெட்டியும் உடைக்கப்படவில்லை. ஒவ்வொரு சீட்டும் முறைப்படியே எண்ணப்பட்டது. பின் எவ்வாறு குறைந்தவர் மிகுந்தவரை வென்றார்? ஒரு சிறு கணக்கால் இதனை விளக்கலாம்.

ஓர் ஊரில் 36 வீடுகள். வீட்டுக்கு ஒரு வாக்கு. மாமரச் சின்னத்துக்கு 20 வீட்டார். பனைமரச் சின்னத்துக்கு 16 வீட்டார். ஊரை, ஒன்பது வீட்டுக்கு ஒன்றாக, நான்கு தொகுதிகளாகப் பிரிக்க வேண்டும். வரையும் உரிமை மாமரத்தாரிடம் இருந்தால், ஒவ்வொரு தொகுதியிலும் ஐந்து மாமர வீடும் நான்கு பனைமர வீடும் அமையுமாறு கோடு இழுப்பர். நான்கு தொகுதிகளும் அவர்க்கே. 16 வீட்டார்க்கு ஒரு பிரதிநிதியும் இல்லை. உரிமை பனைமரத்தாரிடம் இருந்தால் வேறு வகையில் இழுப்பர். மாமர வீடுகள் ஒன்பதை ஒரே தொகுதியில் அடைத்துவிடுவர். எஞ்சிய மாமர வீடுகள் பதினொன்று. பனைமர வீடுகள் பதினாறு. அவற்றை மூன்று தொகுதிகளாகப் பங்கிட்டால், இரண்டில் ஐந்துக்கு நான்கு, ஒன்றில் ஆறுக்கு மூன்று என்று மூன்றிலும் பனைமரமே வெல்லும். அதே ஊர், அதே வீடுகள், அதே வாக்குகள். ஒரு கோட்டில் 4-0. இன்னொரு கோட்டில் 1-3.

எதிர்த்தரப்பாரைச் சிதறடித்தல், எதிர்த்தரப்பாரை ஓரிடத்தில் குவித்தல் என்னும் இவ்விரண்டே இக்கலையின் அடிப்படை. எஞ்சியவை அனைத்தும் இவற்றின் விரிவே. வயலைக் காக்க நட்ட வேலி பயிரை மேய்ந்த கதை என்று நாம் சொல்வது இதற்கு முழுதும் பொருந்தும். எல்லையும் ஒரு வேலிதானே!

இங்கு ஒரு நுட்பத்தையும் கருத வேண்டும். விலங்கு வடிவத் தொகுதியெல்லாம் வஞ்சகமுமன்று. சதுரத் தொகுதியெல்லாம் நேர்மையுமன்று. ஆறும் மலையும் கடற்கரையும் எல்லையை வளைக்கக்கூடும். மேலே கூறிய 36 வீட்டு ஊரில் நேர்கோடுகளைக் கொண்டே இவ்வஞ்சகத்தைச் செய்துவிடலாம். ஆதலின் கோட்டின் வடிவம் மட்டும் நமக்கு உண்மையை உரைப்பதில்லை. கோல் யார் கையில் இருந்தது, வெல்வதால் பயன்பெறுவோரே வரைந்தனரா என்பதையே முதலில் வினவ வேண்டும்.

இருபத்தெட்டுப் பக்க ஊர்

கட்சிச் சண்டையாகத் தொடங்கிய இவ்வழக்கம், இனவெறியின் கையில் சேர்ந்தபோது இன்னும் கொடிய உருக்கொண்டது. அலபாமா மாநிலத்தின் டஸ்கெகி நகரம் கறுப்பின மக்களின் கல்வி வரலாற்றில் புகழ்பெற்றது. புக்கர் வாஷிங்டன் 1881இல் கல்வி நிலையம் கண்ட ஊர் அது. அந்நகரத்துக் கறுப்பின மக்கள் எத்தனையோ தடைகளைக் கடந்து சிறிது சிறிதாக வாக்காளர் பட்டியலில் இடம்பெற்று வந்தனர். 1957இல் மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. சதுரமாக இருந்த நகர எல்லை, 28 பக்கங்கள் கொண்ட கோணல் வடிவமாயிற்று. கறுப்பின வாக்காளர் ஏறத்தாழ 400 பேருள் நான்கு அல்லது ஐந்து பேர் நீங்கலாக மற்ற அனைவரும் நகருக்கு வெளியே நின்றனர். வெள்ளையர் ஒருவர்கூட வெளியேற்றப்படவில்லை. எவரும் தம் வீட்டை விட்டு ஓரடி நகரவில்லை. ஊர்தான் அவர்களை விட்டு நகர்ந்தது.

அம்மக்கள் வாளாவிருக்கவில்லை. வெள்ளை வணிகர் கடைகளைப் புறக்கணித்தனர். டஸ்கெகி நிலையத்துப் பேராசிரியர் சார்லஸ் கொமிலியன் பெயரால் வழக்குத் தொடர்ந்தனர். 1960 நவம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர்கள் பக்கம் நின்றது. இனத்தின் பெயரால் வாக்குரிமையைப் பறிக்கலாகாது என்னும் அரசியலமைப்பின் பதினைந்தாம் திருத்தத்தை எல்லைக் கோட்டினாலும் மீறலாகாது என்பதே தீர்ப்பின் சாரம்.

அத்தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஃபிராங்ஃபர்ட்டர். தொகுதிப் பங்கீடு ஓர் அரசியல் முட்புதர். அதனுள் நீதிமன்றம் புகலாகாது என்று 1946இல் எழுதியவரும் அவரே. டஸ்கெகியின் கொடுமை அவரையும் ஒரு முறை புதருக்குள் கையை நீட்டச் செய்தது.

நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்

கோட்டை வளைப்பது ஒரு வகைக் குற்றம். காலம் மாறியும் கோட்டை மாற்றாமலே விட்டுவிடுவது இன்னொரு வகை. டென்னசி மாநிலத்தின் அரசியலமைப்பு, பத்தாண்டுக்கு ஒருமுறை தொகுதிகளைத் திருத்த வேண்டும் என்றது. ஆயின் 1901க்குப் பின் அறுபதாண்டுகளாக அது செய்யப்படவில்லை. மக்கள் சிற்றூர்களை விட்டு நகரங்களில் குவிந்தனர். தொகுதிகளோ பழைய இடத்திலேயே நின்றன. அதனால் சிற்றூர் ஒன்றின் வாக்கு, நகர வாக்குகள் பலவற்றுக்கு ஈடாயிற்று. திருத்தும் அதிகாரம் பெற்றிருந்த உறுப்பினர் அனைவரும் திருத்தாததால் பதவியில் நீடித்தவர்கள். அவர்களிடமே நீதி கேட்பது எங்ஙனம்?

பேக்கர் என்பவரும் பிறரும் தொடுத்த வழக்கில், இத்தகைய முறையீட்டை நீதிமன்றங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பின் நாள் 1962 மார்ச் 26. பாஸ்டன் நகரத்து இதழ் அவ்விலங்கின் படத்தை வெளியிட்டுச் சரியாக நூற்றைம்பது ஆண்டுகள் நிறைந்த நாள் அது. ஃபிராங்ஃபர்ட்டர் இதில் மாறுபட்டு எழுதினார். தம் பதவிக்காலத்து வழக்குகளுள் இதுவே மிக முதன்மையானது என்று தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் பின்னாளில் கருதினார்.

1964இல் வந்த இரு தீர்ப்புகள் 'ஒருவருக்கு ஒரு வாக்கு' என்னும் கொள்கையை நிலைநாட்டின. அவ்வாண்டு அலபாமாவின் நிலையை ஆராய்ந்த நீதிமன்றம், மாநில மேலவைத் தொகுதிகளுக்கிடையே மக்கள்தொகை வேறுபாடு 41க்கு 1 என்னும் அளவுவரை சென்றிருந்ததைக் கண்டது. பிரதிநிதிகள் மக்களைச் சார்ந்தவர்கள்; மரங்களையோ காணிகளையோ அல்ல என்பது வாரன் கூறிய நீதி. மறு ஆண்டு, 1965இல், வாக்குரிமைச் சட்டம் வந்தது.

இவ்வெற்றியின் விளைவு எதிர்பாராத திசையிலும் சென்றது. இனிப் பத்தாண்டுக்கு ஒருமுறை எல்லா மாநிலங்களும் தொகுதிகளைத் திருத்தியே ஆக வேண்டும். வரையும் கோல் பெரும்பாலான மாநிலங்களில் ஆளும் கட்சியின் கையிலேயே இருந்தது. எண்ணிக்கையில் தொகுதிகள் சமமாயின. உள்ளடக்கத்தில் வஞ்சகம் தொடர்ந்தது. சமமான அளவுள்ள பாத்திரங்களிலும் வேண்டியவாறு கலந்து ஊற்றலாம் அல்லவா?

கணிப்பொறி வந்த பின்

முன்னாளில் வரைபடத்தைத் தரையில் விரித்து, வண்ணப் பென்சிலால் இழுத்தும் அழித்தும் செய்த வேலையை, கணிப்பொறி நொடியில் முடித்தது. தெருவுக்குத் தெரு வாக்குக் கணக்கைச் சேர்த்து, ஆயிரக்கணக்கான வரைவுகளைப் போட்டு, தமக்கு உகந்ததைத் தெரிந்தெடுக்கும் ஆற்றல் கட்சிகளுக்குக் கிடைத்தது.

பென்சில்வேனியா மாநிலத்தில் 2011இல் வரையப்பட்ட ஏழாம் தொகுதியை, டிஸ்னியின் கேலிப்பட நாய் கூஃபி, டொனால்டு வாத்தை உதைப்பது போலிருக்கிறது என்று மக்கள் நகைத்தனர். இருநூறு ஆண்டுகள் கழிந்தும் தொகுதி விலங்காகவே இருந்தது. 2018இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அவ்வரைபடத்தைத் தள்ளியது. வட கரோலினாவில் 2016இல் குடியரசுக் கட்சியினர் வரைந்த படத்தின்படி, ஏறத்தாழ 53 விழுக்காட்டு வாக்குக்கு 13 இடங்களுள் 10 இடங்கள் அக்கட்சிக்குக் கிடைத்தன. மேரிலாந்தில் சனநாயகக் கட்சியினர் 2011இல் வரைந்த படத்தினால், ஆறுக்கு இரண்டு என்றிருந்த தம் பலத்தை ஏழுக்கு ஒன்றாக்கிக்கொண்டனர். ஆதலின் இதனை ஒரு கட்சியின் குற்றமாகக் கொள்ளுதல் தவறு. கோல் கைக்கு வந்தபோது கோடாத கட்சி அரிது.

இவ்விரு மாநில வழக்குகளும் 2019இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தன. கட்சி நலத்துக்காக எல்லையை வளைத்தல் மக்களாட்சிக்கு ஒவ்வாததே என்று ஒப்பிய நீதிமன்றம், எந்த அளவுக்கு மேற்பட்டால் குற்றம் என்று கூறும் அளவுகோல் கூட்டரசு நீதிமன்றங்களிடம் இல்லை என்று சொல்லி, ஐந்துக்கு நான்கு என்னும் பெரும்பான்மையால் விலகிக்கொண்டது. நீதிபதி கேகன் வருத்தம் தோய்ந்த மறுப்புரை எழுதினார். தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் தம் தீர்ப்பில் வேறு வழிகள் உள என்று காட்டினார். மாநில மக்கள் தாமே அமைத்துக்கொண்ட ஆணையங்கள் அவற்றுள் ஒன்று.

கோல் கைமாறிய வரலாறு

ஆணையங்களின் கதைக்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். சோள வயல்கள் நிறைந்த அயோவா மாநிலம் 1980இல் ஒரு சட்டம் செய்தது. கட்சி சாராத சட்டமன்ற அலுவலர்கள் தொகுதிகளை வரைவர். யார் எக்கட்சிக்கு வாக்களித்தனர் என்னும் விவரத்தையோ, பதவியில் இருப்போரின் முகவரியையோ அவர்கள் பார்க்கலாகாது. சட்டமன்றம் அவர்தம் வரைவை அப்படியே ஏற்கலாம்; அன்றேல் தள்ளலாம். இருமுறை தள்ளிய பின்னரே, மூன்றாவது வரைவில் திருத்தம் செய்யும் உரிமை பிறக்கும். நாடாளுமன்றத் தொகுதிகளை வகுக்கையில் அங்குள்ள 99 மாவட்டங்களுள் எதனையும் இரண்டாகப் பிளப்பதில்லை. அறிந்தால் நெஞ்சு கோடும் என்பதனால், அறியாமையையே அறமாக விதித்த அருமை அச்சட்டத்துக்கு உண்டு.

2000ஆம் ஆண்டில் அரிசோனா மக்கள் நேரடி வாக்கெடுப்பின் மூலம் ஐவர் ஆணையத்தை அமைத்தனர். இரு கட்சிக்கும் இவ்விருவர். எக்கட்சியும் சாராத தலைவர் ஒருவர். 2011இல் ஆணையத்தின் வரைவு பிடிக்காத ஆளுநர், மாநில மேலவையின் இசைவோடு தலைவரைப் பதவி நீக்கினார். மாநில உச்ச நீதிமன்றம் அதே மாதத்தில் அவரை மீண்டும் அமர்த்தியது. பின் சட்டமன்றமே ஆணையத்தை எதிர்த்து வழக்காடியது. தேர்தல் நடைமுறையை ஒவ்வொரு மாநிலத்திலும் 'சட்டமன்றம்' வகுக்கும் என்கிறது அரசியலமைப்பு. ஆதலின் மக்கள் அதனைப் பறிக்க இயலாது என்பது வாதம்.

வழக்கு முழுவதும் ஒரு சொல்லின் பொருளில் வந்து நின்றது. நீதிபதி கின்ஸ்பர்க் பழைய அகராதிகளைப் புரட்டி, சட்டம் இயற்றும் ஆற்றலையே அச்சொல் குறித்தது. மக்கள் நேரே வாக்களித்துச் சட்டம் இயற்றுகையில் அவ்வாற்றல் அவர்களிடமே உள்ளது என்று 2015இல் தீர்ப்பெழுதினார். அங்கும் ஐந்துக்கு நான்கு. மறுத்தெழுதியவர் ராபர்ட்ஸ். நான்காண்டு கழித்து மக்கள் அமைத்த ஆணையங்களை மாற்று வழியாகச் சுட்டிக்காட்டியவரும் அவரே.

கலிபோர்னியாவில் நிலைமை வேறு. அங்கு 2001இல் இரு கட்சியினரும் கைகோத்துக்கொண்டு, பதவியில் இருந்தோர் அனைவரும் பதவியிலேயே இருக்குமாறு வரைந்துகொண்டனர். அதன்படி 2002 முதல் 2010 வரை நடந்த ஐந்து பொதுத் தேர்தல்களில் 53 நாடாளுமன்றத் தொகுதிகளுள் கட்சி மாறியது ஒரே ஒரு முறை. பொறுமையிழந்த மக்கள் 2008இல் வாக்களித்துக் குடிமக்கள் ஆணையத்தை நிறுவினர். 2010இல் நாடாளுமன்றத் தொகுதிகளையும் அதன் பொறுப்பில் விட்டனர். பதினான்கு பேர்: இரு பெருங் கட்சிகளுக்கும் ஐவர் ஐவர், இரண்டையும் சாராதவர் நால்வர். அரசியல் பதவி வகித்தோர், வேட்பாளராய் நின்றோர், பரிந்துரைத் தரகர், அவர்தம் நெருங்கிய உறவினர் ஆகியோர்க்குப் பத்தாண்டுத் தடை. முதல் முறை விண்ணப்பித்தோர் 30,000க்கும் மேற்பட்டோர். தகுதியானோரைச் சலித்தெடுத்த பின், முதல் எண்மரைக் குலுக்கிப் போட்டு எடுப்பர். அவ்வெண்மர் மற்ற அறுவரைத் தேர்வர். மூன்று தரப்பிலும் குறைந்தது மூவர் இசைந்தால்தான் வரைபடம் நிறைவேறும்.

மிச்சிகன் மாநிலத்தின் கதை நெஞ்சைத் தொடுவது. 2016 நவம்பரில் ஓர் இளம்பெண் முகநூலில் எழுதிய சிறு குறிப்பு, 'இக்கொடுமையை மாற்ற யாரேனும் உடன்வருவீர்களா' என்னும் பொருள்பட அமைந்தது. அரசியல் அனுபவமற்ற ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். 4,25,000க்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் தொண்டர்களே திரட்டினர். 2018இல் 61 விழுக்காட்டினர் ஆதரிக்க, பதின்மூவர் ஆணையம் உருவாயிற்று. எல்லாரும் குலுக்கல் முறையில் தேர்ந்த எளிய குடிமக்கள்.

குறைகளும் சோதனையும்

ஆணையம் என்று பெயரிட்டவுடன் அறம் வந்துவிடாது. வர்ஜீனியாவில் 2020இல் ஏற்பட்ட ஆணையத்தில் பாதிப்பேர் சட்டமன்ற உறுப்பினர்கள். 2021இல் அது இரண்டாகப் பிளந்து, ஒன்றும் செய்யாமல் கலைந்தது. இறுதியில் நீதிமன்றமே வரைய நேர்ந்தது. பாதி வேலியைப் பயிரின் காவலுக்கும் பாதியை மாட்டின் வசதிக்கும் விட்டால் இதுவே விளையும். மிச்சிகனின் குடிமக்களும் பிழை செய்தனர். டெட்ராய்ட்டுப் பகுதியில் 13 சட்டமன்றத் தொகுதிகளை இனத்தை முதன்மையாகக் கொண்டு வரைந்தது அரசியலமைப்புக்கு மாறானது என்று 2023 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் கண்டது. ஆணையம் மீண்டும் அமர்ந்து திருத்தியது. பிழையைத் திருத்தும் வாயில் திறந்திருந்தது என்பதே அங்குள்ள வேறுபாடு.

பெருஞ்சோதனை 2025இல் வந்தது. பத்தாண்டின் நடுவே, குடியரசுத் தலைவர் டிரம்ப்பின் தூண்டுதலால், டெக்சாஸ் சட்டமன்றம் தன் நாடாளுமன்றத் தொகுதிகளை மறுபடியும் வரைந்தது. குடியரசுக் கட்சிக்கு மேலும் ஐந்து இடங்கள் கிடைக்கச் செய்வது நோக்கம். எதிர்க்கட்சி உறுப்பினர் பலர் மாநிலத்தை விட்டு வெளியேறிச் சிறிது காலம் அவையை முடக்கினர். ஆகஸ்டு இறுதியில் சட்டம் நிறைவேறியது. அதற்கு ஈடுகட்டக் கலிபோர்னியாவின் சனநாயகக் கட்சியினர், தம் மாநிலக் குடிமக்கள் ஆணையம் வரைந்த படத்தை நிறுத்திவைத்து, 2026, 2028, 2030 தேர்தல்களுக்குத் தாம் வரைந்த படத்தைக் கொண்டுவர மக்களின் இசைவை வேண்டினர். 2025 நவம்பர் 4ஆம் நாள் ஏறத்தாழ 64 விழுக்காட்டினர் இசைந்தனர். 2030 கணக்கெடுப்புக்குப் பின் கோல் ஆணையத்திடமே திரும்பும் என்பது அதில் அடங்கிய உறுதி.

இதனை எவ்வாறு மதிப்பிடுவது? அயலான் வாளை உருவியபோது நாம் மட்டும் வாளை உறையிலிட்டு நிற்பது அறமா, மடமையா என்று ஒருசாரார் கேட்டனர். தீமையைத் தீமையால் நேர் செய்தால் எஞ்சுவது இரு தீமைகளே என்று மறுசாரார் உரைத்தனர். இரு தரப்பிலும் உண்மை உண்டு. ஆயின் இருவரும் ஒன்றை மெய்ப்பித்தனர். ஒரு மாநிலம் மட்டும் தன் கோலை நிமிர்த்தி வைத்திருப்பது கடினம். நாடு முழுமைக்கும் ஒரே விதி இல்லாதவரை, நேர்மையாளரே இழப்புக்கு ஆளாவர். இழப்புக்கு ஆளானவர் நெடுநாள் நேர்மையில் நிற்பதும் அரிதாகும்.

நம் நாட்டின் நிலை

இங்கு நம் வாசகர்க்கு ஓர் ஐயம் எழலாம். இந்தியாவில் தொகுதி எல்லையை வரைவது மாநிலச் சட்டமன்றங்கள் அல்ல. 1952, 1962, 1972, 2002 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் மறுவரையறை ஆணையங்கள் அமைந்தன. 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உச்ச நீதிமன்ற நீதிபதியாய் இருப்பவரோ இருந்தவரோ தலைமை ஏற்பார். நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் உடன் அமர்ந்து கருத்துரைக்கலாம், வாக்கு அவர்க்கில்லை. அவ்வாணையத்தின் பணியால்தான் சிவகாசி, பழனி, திருச்செந்தூர் என்னும் மக்களவைத் தொகுதிகள் 2009 தேர்தலின்போது மறைந்தன. பழகிய பெயர்கள் போனதில் வருத்தம் இருந்தது. ஆனால் கோல் அன்றைய ஆளுங்கட்சியின் கையில் இல்லை என்பதை மறக்கலாகாது.

1976இலும் 2001இலும் செய்த அரசியலமைப்புத் திருத்தங்கள், எந்த மாநிலத்துக்கு எத்தனை இடங்கள் என்னும் எண்ணிக்கையை மாற்றாமல் நிறுத்திவைத்தன. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் அதனால் இடங்களை இழக்கலாகாது என்பது அதன் நோக்கம். அது இடங்களைப் பங்கிடும் வழக்கு. இக்கட்டுரை கூறுவது கோட்டை வரையும் வழக்கு. இரண்டும் அடுத்தடுத்த வீடுகளே, ஆயினும் ஒன்றல்ல. ஒன்றைப் பற்றிப் பேசுகையில் மற்றதைக் கலந்து குழப்பிக்கொள்ளாதிருத்தல் நல்லது.

முடிவுரை

1812இல் ஓர் இதழாசிரியர் குழுவுக்கு வரையும் அதிகாரம் இல்லை. தடுக்கும் ஆற்றலும் இல்லை. இருந்தது ஒரு சொல்லைச் செய்யும் ஆற்றல் மட்டுமே. அச்சொல் அக்குற்றத்தை நிறுத்திவிடவில்லை. பெயரிட்ட பின்னும் இருநூறு ஆண்டுகளாக அது நடந்துவருகிறது. ஆயின் பெயர் இல்லாதிருந்தால், அரசிதழில் அச்சான எல்லை அட்டவணையில் குற்றம் ஒன்று ஒளிந்திருக்கிறது என்பதே மக்களுக்குத் தெரிந்திராது. டஸ்கெகியின் பேராசிரியரும், கையொப்பம் திரட்டி வீடுவீடாக ஏறி இறங்கிய மிச்சிகன் தொண்டரும் எதனை எதிர்க்கிறோம் என்பதை ஒரு சொல்லால் பிறர்க்கு உணர்த்த முடிந்தது.

சொல்லுக்குப் பின் செய்ய வேண்டியது இன்னும் மிச்சமிருக்கிறது. வெல்ல விரும்புவோர் கையில் வரைகோல் இருக்கலாகாது. அதனைப் பெறுவோர் வெற்றியில் பங்கற்றவராய் இருத்தல் வேண்டும். அவர் வரைவது ஊரறிய நடக்க வேண்டும். பிழை நேர்ந்தால் திருத்த வழி வேண்டும். அவ்விதி எல்லார்க்கும் ஒன்றாய் இருத்தல் வேண்டும். இவ்வைந்தும் அமைந்தாலும், அவற்றைக் காப்பது எழுதிவைத்த சட்டம் மட்டுமன்று. கோடாத நெஞ்சுடைய குடிமக்களும் வேண்டும். கோடுகள் தாமாக நேராவதில்லை.